ஓரகத்தியின் சமன்பாடுகள்

என் ஓரகத்தி கம்ப்யூட்டரில் தயார் செய்கிற கணக்குப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. ஒரே வீடு. நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். அவள் சமையலைப் பார்த்தோ நகையைப் பார்த்தோ எனக்கு ஒன்றும் வந்ததில்லை. அவள் போடுகிற பின்னத்தைப் பார்த்துத்தான் வந்தது. மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் ஒரு கோடு. அவள் பக்கத்தில் அந்தக் கோடு வரியோடு வரியாக அடங்கி நிற்கும். என் பக்கத்தில் அது மேல்வரியை முட்டித் தள்ளிக்கொண்டு துருத்தி நிற்கும். கம்ப்யூட்டரில் கணக்கு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இருபது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன். பட்டா நகல், விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் எல்லாக் கடையிலும் செய்வார்கள். கணக்கு டைப் பண்ணுவது நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளோ காலேஜ் பிராஜெக்ட்டோ, யார் கேட்டாலும், "கணக்கா? பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு அம்மா கீது, அங்க போ" என்று கை காட்டுவார்கள். அந்த அம்மா நான். நிலம் மாமனார் பேரில் இருக்கிறது. வீடு மாமியார் பேரில். எனக்கென்று இந்த ஊரில் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

இத்தனைக்கும் எனக்குக் கணக்கு தெரியாது. பத்தாவதில் தட்டுத்தடுமாறி பாஸ் பண்ணினேன். டைப்ரைட்டிங்கில் ஹையர். குறிகளை உருவத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தேன். நீளமாக வளைந்து நிற்பது கொக்கி. கோடு போட்ட முட்டை ஒன்று. உடைந்த இங்கிலீஷ் ஈ ஒன்று. வளைந்த ஆறு ஒன்று. என்னிடம் வருகிற வாத்தியார்களும் அந்தப் பேரைக் கற்றுக்கொண்டார்கள். "இந்தக் கொக்கிக்குக் கீழ ஒரு சைபர் போடும்மா" என்று பி.எச்டி. படிக்கிற மனுஷன் சொல்வார். நானும் போடுவேன். அது எதற்கு அங்கே நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஓரகத்தி ஐயங்கார்குளத்துப் பெண். பி.எஸ்சி. கணக்கு. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில், புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்கிற ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தவள். கல்யாணமாகி வந்து கொஞ்ச நாளில் மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் துணி காயப்போட மேலே போனபோது எட்டிப் பார்த்தேன். திரையில் இடது பக்கம் முழுக்கச் சாய்கோடும் பிராக்கெட்டும் இங்கிலீஷ் எழுத்துமாக ஏதோ கொட்டிக் கிடந்தது.

"இன்னாம்மா இது, எழுத்தெல்லாம் ஒடஞ்சி போய் கீது? வைரஸா?"

"இல்லக்கா. லேடெக்னு ஒரு சாப்ட்வேரு. இந்தப் பக்கம் எப்படி வரணும்னு எழுதினா, அந்தப் பக்கம் அது அச்சுல வந்துடும்."

ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையின் வலதில் ஒரு அச்சுப் பக்கம் வந்து நின்றது. அதில்தான் அந்தப் பின்னத்தைப் பார்த்தேன்.

"இன்னா வெல இந்த சாப்ட்வேரு?"

"வெலயே இல்லக்கா. ஃப்ரீ. யார் வேணா எறக்கிக்கலாம்."

"ஓசியா? அப்பனா ஒண்ணுத்துக்கும் ஒதவாது."

அவள் திரையை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. "ஒங்க கடைல கீறது மட்டும் காசு குடுத்து வாங்குனதாக்கா?" என்றாள்.

என் கடையில் இருப்பது யாரோ ஒருவன் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. ஊரில் எல்லாக் கடையிலும் அதுதான். துணியை உதறிப் போட்டுவிட்டு இறங்கினேன்.

இனி ஒரு ஆய்வேட்டு விஷயத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரம் போகிற வழியில் இருக்கிற ஒரு காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர், வேலை பார்த்துக்கொண்டே பி.எச்டி. செய்துகொண்டிருந்தார். ஏழு வருஷமாக அவருக்கு டைப் பண்ணுவது நான்தான். மூன்று அத்தியாயமும் முடிந்திருந்தது. பல்கலைக்கழகம் கடைசித் தேதி சொல்லிவிட்டது. அதைத் தாண்டினால் பதிவே ரத்து, ஏழு வருஷமும் வீண். ஐந்து வாரம் பாக்கி இருக்கும்போது அவருடைய கைடு ஒரு குண்டைப் போட்டார். இரண்டாம் அத்தியாயத்தில், முதல் ஆறு சமன்பாட்டுக்குப் பிறகு, புதிதாக ஒரு சமன்பாட்டைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று சேர்ப்பது பெரிய வேலையில்லை. எண் மாற்றுவதுதான் வேலை. நடுவில் ஒன்று நுழைந்தால் 2.7 இனிமேல் 2.8. பழைய 2.8 இனிமேல் 2.9. இப்படியே 2.58 வரைக்கும். சமன்பாட்டுக்குப் பக்கத்தில் மட்டுமல்ல, "2.8-ன்படி" என்று பத்தியில் சொல்லியிருக்கிற எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். இதற்கு ஒரு முறை இருக்கிறது. தேடி மாற்றுகிற கட்டளையைக் கொடுத்துக் கீழேயிருந்து மேலே வர வேண்டும். கடைசி எண்ணை முதலில், அதற்கு முந்தினதை அடுத்து. டி.டி.பி. வேலை செய்கிற எவருக்கும் இது தெரியும்.

அன்றைக்கு நான் அந்த வேலையை ஆரம்பித்தபோது ஓரகத்தி கடைக்கு வந்தாள். காய் வாங்க வந்தவள், பையை வைத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"இதெல்லாம் கையாலயா மாத்திக்கினு கீறீங்க?"

"பின்ன காலாலயா மாத்துவாங்க?"

"இல்லக்கா, லேடெக்ல நாம நம்பரே போடத் தேவல. பேர் மட்டும் வெச்சிட்டா அதுவே..."

"ஒனக்கு கத்திரிக்கா வாடிப்பூடும். கெளம்பு."

அவள் போய்விட்டாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடு மேலேயிருந்து ஆரம்பித்துவிட்டேன். 2.7-ஐ எல்லாம் 2.8 ஆக்கினேன். பிறகு 2.8-ஐ எல்லாம் 2.9 ஆக்கினேன். இப்போதுதான் ஆக்கிய 2.8-ம் சேர்ந்து 2.9 ஆனது. தலையை நிமிர்த்தாமல் கடைசிவரை போனேன். சேமித்தேன். மூடினேன். மறுநாள் பிரிண்ட் எடுத்துப் பார்த்தால், அத்தியாயம் முழுக்க ஒரே எண். முதல் ஆறைத் தவிர எல்லாச் சமன்பாடும் 2.59. எல்லாப் பத்தியிலும் "2.59-ன்படி".

யாரிடமும் சொல்லவில்லை. பழைய பிரிண்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்ந்தேன். நடுவில் நடவு வந்தது. ஜெராக்ஸுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். சார் போன் பண்ணும்போதெல்லாம் "ஆயிடுச்சி சார், இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். பத்து நாள் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கழனியிலிருந்து சேற்றுக்காலோடு வீட்டுக்கு வருகிறேன், வேலை என்ன ஆயிற்று என்று கேட்க வந்த சார் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் லேப்டாப். பக்கத்தில் ஓரகத்தி. குடித்து முடித்த காபி டம்ளர்.

"அம்மா, இங்க வந்து பாருங்களேன்" என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இவங்க ஃபைல் ஒண்ணுல நடுவுல ஒரு சமன்பாடு சேர்த்தாங்க. மொத்த நம்பரும் தானா மாறிடுச்சு!"

ஏழு வருஷத்தில் என் வேலையைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. நான் கால் கழுவப் போய்விட்டேன். திரும்பி வரும்போது முடிவாகியிருந்தது. இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் அவள் செய்து பார்ப்பாள். நன்றாக வந்தால் முழுசும் அவளிடம் போகும்.

"ஒங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையேம்மா?" என்று கேட்டார்.

"எனக்கின்னா வருத்தம்? ஒரே வூடுதான சார்" என்றேன்.

பத்து நாள் கழித்து ஓரகத்தியிடமிருந்து கடை வாட்ஸப்புக்கு ஒரு ஃபைல் வந்தது. அவளிடம் பிரிண்டர் கிடையாது. "அக்கா, ஓரம் சரியா விழுதான்னு பாக்கணும். மொத ரெண்டு பக்கம் மட்டும் போடுங்க" என்று கூடவே ஒரு செய்தி. திறந்தேன். இரண்டு பக்கத்தோடு நிறுத்தவில்லை, முழுசும் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் கண்ணில் பட்டது. பத்தியில் எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறி. அடுத்த பக்கத்திலும். அதற்கடுத்த பக்கத்திலும். "சமன்பாடு ??-ன்படி", "?? மற்றும் ??-லிருந்து", இப்படி அத்தியாயம் பூராவும் கேள்விக்குறி.

அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பட்டேன். முழு அத்தியாயத்தையும் பிரிண்ட் போட்டேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு கேள்விக்குறியையும் சுற்றி வட்டம் போட்டேன். கடையை மூடிவிட்டுக் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினேன். மடியில் அந்தக் கட்டு. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நடுநடுவே எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஆசிரியர் அறையில் சார் தனியாக இல்லை. இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன். மேசையில் போட்டேன்.

"பாருங்க சார். ஓசி சாப்ட்வேரு பண்ண வேலய. நம்பர் தானா வருதுன்னீங்களே, எங்க வந்துச்சி?"

அவருக்கு முகம் வெளுத்துப்போனது. கடைசித் தேதிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. பக்கங்களைப் புரட்டப் புரட்ட வாயைத் துடைத்துக்கொண்டார். உடனே அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னம்மா இது, எங்க பாத்தாலும் கேள்விக்குறியா இருக்கே?"

"அதா சார்?" என்றாள் அவள். பின்னால் குக்கர் விசில் கேட்டது. "ஓரம் பாக்கறதுக்காக ஒரு தபா ஓட்டி அனுப்புனது. மொத தபால அது நம்பரெல்லாம் குறிச்சிக்கும். ரெண்டாவது தபா ஓட்டுனாதான் எடத்துல கொண்டாந்து வெக்கும். இருங்க, அனுப்பறேன்."

குக்கரின் அடுத்த விசில் வந்திருக்குமோ என்னவோ, அதற்குள் அவர் போனில் புது ஃபைல் வந்துவிட்டது. ஒரு கேள்விக்குறி இல்லை. எல்லா எண்ணும் அதனதன் இடத்தில் இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "நீங்க கவனிச்சு சொன்னதும் நல்லதுதாம்மா. காபி சாப்பிடுங்க" என்றார். என் சிவப்பு வட்டங்களை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்தேன். அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கம்தான போடச் சொன்னேன்?"

"மீதியும் வந்துச்சி. போட்டேன்."

"போட்டு, காலேஜிக்கு எடுத்துக்கினு போனீங்க."

"கேள்விக்குறியா கீதேன்னு காட்டப் போனேன். தப்பா?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல? மாடி ஏறுனா பதினஞ்சி படி." கத்தியைக் கீழே வைத்தாள். "கேக்கமாட்டீங்க. எங்கிட்ட கேட்டா ஒங்க கிரீடம் எறங்கிடும்."

"ஆமாண்டி, எறங்கிடும். ஏழு வருஷம் அந்த மனுஷனுக்கு நான் டைப் பண்ணேன். நீ வந்து ஒரு காபிய குடுத்து வாங்கிக்கின."

"நான் வாங்கல. அவருதான் கேட்டாரு. நான் டைப்பிஸ்ட் இல்லக்கா. ஊருல கீற கேள்வித்தாளெல்லாம் அடிக்கணும்னு எனக்கொண்ணும் ஆசையில்ல."

டைப்பிஸ்ட் என்ற வார்த்தையை அவள் வேண்டுமென்று சொன்னாளா, வாயில் வந்துவிட்டதா தெரியவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

ஆனால் இரண்டு நாளில் அவளே என் கடைக்கு வந்து நின்றாள். இரண்டாம் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு சார் முழுசையும் அவளிடம் கொடுத்துவிட்டார். மற்ற அத்தியாயங்கள் என் ஃபைலில் இருந்தன. அதில் சமன்பாடுகள் எல்லாம் படமாக உட்கார்ந்திருந்தன. லேடெக்குக்கு அப்படியே மாற்ற வழியில்லை. ஒவ்வொன்றையும் திரும்ப அடிக்க வேண்டும். அவள் விசைப்பலகையில் எழுத்தைத் தேடித் தேடி நான்கு விரலால் அடிக்கிறவள்.

"நாள் பத்தாதுக்கா. நீங்க அடிங்க, நான் பாத்துக்கறேன்."

"இன்னாத்த பாத்துப்ப? நான்தான் டைப்பிஸ்டாச்சே."

"சாரோட பதிவு ரத்தாயிடும். அப்பால ஒங்க இஷ்டம்."

ஒத்துக்கொண்டேன். அவருக்காகத்தான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. அந்தச் சாமானை ஒருதரம் என் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிற வெறி எனக்கு இருந்தது. அவள் என் கடைக் கம்ப்யூட்டரில் லேடெக்கை இறக்கிப் போட்டாள். பின்னத்துக்கு எப்படி, கொக்கிக்கு எப்படி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ஒரு ஃபிளவர் பிராக்கெட்டை மூட மறந்தால் போதும், பக்கமே வராமல் அடம்பிடிக்கும். எந்த வரி என்று சிவப்பில் காட்டும். முதல் நாள் பூராவும் சிவப்புதான். கம்ப்யூட்டரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். லேமினேஷனுக்கு வந்த ஒரு பெரியவர் "அப்பால வர்றேம்மா" என்று கிளம்பிவிட்டார். நான்காம் நாள் விரல் தானாக ஓடியது. சாய்கோடு, பேர், திறந்து, எண், மூடி. பொத்தானை அழுத்தினால் என் திரையிலும் கோடு வரியோடு அடங்கி நின்றது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. இத்தனை வருஷம் இது சும்மா கிடந்திருக்கிறது, ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல வந்த ஒருத்தியைக் கத்திரிக்காயோடு விரட்டிவிட்டேன்.

மூன்றாம் அத்தியாயத்தை முடித்து அவளுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை நாஷ்டாகூட முடிக்காமல் கடைக்கு வந்தாள். ஆள் இல்லையா என்று சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, இதுவும் இதுவும் ஒண்ணு இல்ல." தாளில் இரண்டு குறிகளை எழுதிக் காட்டினாள். இரண்டுமே எனக்கு வளைந்த ஆறுதான். ஒன்றுக்கு வால் கொஞ்சம் இப்படித் திரும்பியிருந்தது, மற்றதற்கு அப்படி. "அர்த்தமே வேற. ஒங்க பழைய பிரிண்ட்லயே நெறய எடத்துல மாறிக் கீது."

"சாரு பாத்துதான கையெழுத்து போட்டாரு?"

"அவரு எழுதுனது அவருக்கு மனப்பாடம். கண்ணு அதத்தான் பாக்கும்."

ஏழு வருஷமாக நான் அடித்த தப்பு. கைடு கண்ணுக்கும் தப்பி, சார் கண்ணுக்கும் தப்பி நின்ற தப்பு. வெளியில் போயிருந்தால் அவர் மானம் போயிருக்கும். என் பேரும் போயிருக்கும்.

"சாராண்ட சொல்லிட்டியா?"

"எதுக்கு? மாத்திட்டா போச்சு. நான் மாத்திட்டேன். இனிமே அடிக்கறதுல பாத்துக்கங்க."

அவள் மிச்ச இட்லியைச் சாப்பிடப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நியாயமாக அவள் சாருக்குப் போன் போட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கங்களில் சிவப்பு வட்டம் போட்டு, பஸ் ஏறிப்போய், அதே மேசையில் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் ஒன்றுக்கு ஒன்று சரியாகியிருக்கும். அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவள் கணக்கைப் படித்தால் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. எனக்கு உருவம் மட்டும்தான் தெரிகிறது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பெருந்தன்மையும் அவளுக்கேவா வர வேண்டும்?

ஆய்வேடு கடைசித் தேதிக்கு முந்தின நாள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சார் ஒரு கிலோ இனிப்போடு வீட்டுக்கு வந்தார். பெட்டியை ஓரகத்தி கையில் கொடுத்தார். அவள் அதை அப்படியே என் கையில் கொடுத்தாள். நான் மாமியாரிடம் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுக்கிறவளாம். கையில் தடிமனான நோட்டு. ஆய்வேடு செய்த சார்தான் அனுப்பினாராம்.

"இங்க லேடெக்ல பண்ணிக் குடுக்கற மேடம்னு சொன்னாரு. ரொம்ப நல்லா பண்ணுவாங்கன்னாரு. அவங்க இருக்காங்களா?"

அவர் யாரைச் சொல்லி அனுப்பினார் என்று எனக்குத் தெரியும். மாடியில் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நான்தான்" என்றேன். "குடுத்துட்டுப் போங்க."

நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. அறுபது பக்கம் அடித்துவிட்டேன், ஒவ்வொரு குறியையும் உற்று உற்றுப் பார்த்து. புரியாத குறி வந்தால் அந்தப் பெண்ணுக்கே போன் பண்ணி, இதற்குப் பேர் என்ன, எதற்கு என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பெல்லாம் கேட்டதில்லை. மூன்று நாளாக ஒரு பெரிய அட்டவணை ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எப்படி அடக்கினாலும் அடங்கவில்லை. ஓரகத்திக்கு அது ஒரு நிமிஷ வேலையாக இருக்கும். நேற்றுகூட மாமியார் கொடுத்தனுப்பிய மோரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவள் லேப்டாப்பில் என்னவோ அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது கேக்கணுமாக்கா?" என்றாள், திரும்பாமல்.

"ஒண்ணுமில்ல. டம்ளர கழுவி அனுப்பு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து, கடையைத் திறந்து, அந்த அட்டவணையின் முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன்.